அன்னபூரணம் மாமியின் ஒரு சொல்

அன்னபூரணம் மாமி புதுக் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றதும், குசினி வாசலில் நின்ற அம்மா தேத்தண்ணிக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இவ எப்பிடியடா மோப்பம் பிடிச்சு வந்தவ?" என்று மிரோஜனின் காதுக்குள் கேட்டாள்.



மாமியின் வாய்க்குத் தீவு முழுக்க, வேலணை தொடக்கம் ஊர்காவற்றுறை இறங்குதுறை வரைக்கும் பெயர் உண்டு. ஒரு பொருளைப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொன்னாரென்றால், அந்தப் பொருள் அதோடு சரி. நாவூறு என்றால் அப்படியொரு நாவூறு.

போன தைப்பொங்கலன்று எதிர்வீட்டுப் பானையைப் புகழ்ந்தார். பானை இரண்டாகப் பிளந்து, பால் அடுப்பை அணைத்தது.

காய்த்துக் குலுங்கிய பப்பாளி ஒன்று, காற்றே இல்லாத மத்தியானத்தில் வேரோடு சாய்ந்தது.

புது மோட்டார் சைக்கிள் ஒன்று, அதை வாங்கியவன் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கத் தானாக உருண்டுபோய்க் கிணற்றுக் கட்டில் முட்டியது.

கைப்பிள்ளைக்காரிகள் மாமியைத் தூரத்தில் கண்டாலே அடுத்த ஒழுங்கையால் திரும்பிப் போவார்கள்.

அப்படிப்பட்டவரை நேற்று வீடு தேடிப்போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தவன் மிரோஜன்தான்.

யோசிக்காமல் செய்யவில்லை. அவன் எதையும் யோசிக்காமல் செய்கிறவன் அல்ல. மாலை வகுப்பில் மரவேலை படிக்கத் தொடங்கி ஐந்து மாதம். வேப்பம் பலகையை இழைத்து, பொருத்தி, அரத்தாளால் தேய்த்து, மூன்று தரம் வார்ணிஸ் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் இரண்டு நாள் காயவிட்டு முடித்த அலுமாரி. வலது கதவை மட்டும் நாலு தரம் கழற்றிப் பூட்டினான். அது இன்னமும் ஒரு நூல் இறங்கித்தான் நிற்கிறதோ என்று காலையில் ஒருக்கால், படுக்கப் போகும்போது ஒருக்கால் குனிந்து பார்ப்பான்.

வந்தவர்கள் எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார்கள். அம்மாவின் வடையைத் தின்ற வாய் வேறென்ன சொல்லும்?

மரவேலை படிப்பிக்கிற செல்வரத்தினம் மாஸ்டரும் "திறம்" என்றார். ஆனால் அவர் கால் ஆடுகிற முக்காலியையும் திறம் என்கிறவர்.

அம்மாவோ பெற்றவள். அவளைச் சேர்க்கக்கூடாது.

ஆக, சொன்ன சொல்லுக்குக் கையோடு அத்தாட்சி காட்டக்கூடியவர் அந்தத் தீவிலேயே ஒருவர்தான். மாமி புகழ்ந்து கண்ணாடி வெடித்தால், அலுமாரி உண்மையிலேயே நல்லது.

வெடிக்கிற கண்ணாடிக்குப் பதிலாக இன்னொன்றை அளவாக வெட்டுவித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தும் விட்டான்.

மாமி மேல்தட்டைப் பார்த்தார். குனிந்து கால்களைப் பார்த்தார். வலது கதவைத் திறந்தார், சாத்தினார், பிறகும் திறந்தார். பலகைகள் சேருகிற இடமெல்லாம் மாமியின் விரல் தடவிக்கொண்டே போனது. ஓரிடத்திலும் தட்டுப்படவில்லை.

மாமியின் உதடு பிரிந்தது.

அம்மா கண்ணை இறுக்கி மூடினாள். மிரோஜன் கண்ணாடியையே பார்த்தான்.

மாமி சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்தார். தலையை மட்டும் ஒருமுறை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஒரு சொல் இல்லை. "பரவாயில்லை" கூட இல்லை.

"பிள்ளையாரே, தப்பினம்!" என்று அம்மா அந்தத் தேத்தண்ணியைத் தானே குடித்தாள்.

மிரோஜனுக்கு ஐந்து மாதமும் ஒரேயடியாக இடிந்து விழுந்தது. பானைக்குக் கிடைத்தது. பப்பாளிக்குக் கிடைத்தது. இந்த அலுமாரி ஒரு பப்பாளிக்குக்கூட ஈடாகவில்லை.

பொறுக்க முடியாமல் படலையடிக்கு ஓடினான்.

"மாமி, உண்மையைச் சொல்லுங்கோ. கதவு இறங்கிப்போச்சோ?"

மாமி வாயைத் திறக்கவில்லை. சேலைத் தலைப்பும் வாயில் அப்படியேதான் இருந்தது. மற்றக் கையால் "வா" என்று காட்டிவிட்டு நடந்தார். பக்கத்து வீட்டு வேலி முடிந்தது. அதற்கடுத்த வேலியும் முடிந்தது. லைற் கம்பம் தாண்டி ஒழுங்கை முடக்கில்தான் நின்றார்.

அங்கிருந்து திரும்பி, வீடு எவ்வளவு தூரம் என்று ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தார். பிறகு தலைப்பை ஒரு விரல்கடை இறக்கினார்.

"என்ர வாய் எனக்குத் தெரியாதே, தம்பி? அதுக்கு முன்னால நிண்டு இதைப் பொத்தி வைக்க நான் பட்ட பாடு! அப்பிடியொரு சாமானை உடைக்க எனக்கு மனம் வரேல்லை."

சொல்லிவிட்டு, தலைப்பை மறுபடியும் வாய்க்கு ஏற்றிக்கொண்டு விறுவிறென்று நடந்தார். அவ்வளவு தூரம் வந்தும் அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவேயில்லை.