கடைசிப் பச்சைப் புள்ளி

"செத்துப் போயிருக்கணும். கின்ச்சே மாதாவே, அது செத்துப் போயிருக்கணும்" என்று நார்சிசா வாய்விட்டே வேண்டிக்கொண்டாள்.

பக்கத்து மேஜையிலிருந்த வில்மர் திடுக்கிட்டுத் திரும்பினான். "யாரு சாகணும்க்கா?"

"சர்வர்டா. சர்வர்!"

எரிமலைக் கண்காணிப்பு அறையின் ஜன்னல்களில் சாம்பல் அப்பிக்கிடந்தது. பட்டப்பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். காலைப் பலகாரமாக வாங்கிவந்த ஹுமிதாக்களின் சோளமடலை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

நார்சிசாவின் தங்கை லூஸ்மிலா மலைமேல் இருந்தாள். காண்டோர் மேட்டு அளவீட்டு நிலையத்தின் சோலார் தகட்டில் படிந்த சாம்பலைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று காலையில் ஏறியவள். "நீ குந்திக்கிட்டுப் பொட்டியத் தட்டு, உடம்பு வளையற வேலைய நான் பாக்கறேன்" என்று போகும்போதும் அக்காவைச் சீண்டிவிட்டுத்தான் போனாள்.

அவள் மேலே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மலை வெடித்தது. "குடிசைக்குள்ளதான் இருக்கேன், இறங்க வழியில்ல..." என்று ரேடியோவில் குரல் வந்தது; பாதியில் அறுந்தது. அதற்குப் பிறகு தொண்டை வறளக் கூப்பிட்டும் பதில் இல்லை.

மிச்சமிருந்தது ஒரு பச்சைப் புள்ளி. மலையிலுள்ள நிலையங்கள் எல்லாம் வெப்பநிலையையும் பேட்டரி அளவையும் நகரத்திலுள்ள சர்வருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். எது எது பேசுகிறது என்பதைச் சுவர்த்திரை புள்ளிகளாகக் காட்டும். சாம்பல் மூடி மற்றவை ஒவ்வொன்றாக அணைந்தபோதும் காண்டோர் மேடு மட்டும் பச்சையாகவே நின்றது.

நிலையம் அந்தக் குடிசைக்குள்தான் இருக்கிறது. அது பேசுகிறதென்றால் குடிசை நிற்கிறது, குடிசை நிற்கிறதென்றால் தங்கை இருக்கிறாள். அந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் நார்சிசா இவ்வளவு நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

சற்றுமுன் அதுவும் அணைந்துவிட்டது.

"சர்வர் படுத்துட்டாலும் புள்ளி போயிடும் இல்லியா, டோன் ஹெரிபெர்த்தோ?"

"போகும். கேட்டுப் பாரு" என்றார் கண்காணிப்பு நிலையத் தலைவரான ஹெரிபெர்த்தோ. அவர் கையில் போன் இருந்தது. மலையடிவாரச் சாலையில் மீட்புப் படை அவருடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது.

சர்வரை நலம் விசாரிக்கவென்றே பிளகின் என்ற குட்டி நிரல் ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும். உயிரோடு இருக்கிறாயா என்று போய்க் கேட்டு, ஒற்றைச் சொல்லில் பதில் கொண்டுவந்துவிடும். நார்சிசா தட்டினாள். வந்த சொல் 'கிரிட்டிக்கல்'. குறித்த நேரத்துக்குள் சர்வரிடமிருந்து பதில் இல்லை.

"செத்துடுச்சு! வில்மர், சர்வர் செத்துடுச்சுடா!" அழுகையும் சிரிப்புமாக அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஹெரிபெர்த்தோ சிரிக்கவில்லை. "பொறும்மா. லைன் நத்தை மாதிரி ஊருது. காத்திருக்கற நேரத்தைக் கூட்டிக் குடுத்து இன்னொரு தடவை கேளு."

"எதுக்கு? அதான் சொல்லிடுச்சே!"

"நார்சிசா."

அவர் குரலில் இருந்த எதுவோ அவளை மறுபடி உட்கார வைத்தது. நேரத்தைக் கூட்டினாள், தட்டினாள், கண்களை மூடிக்கொண்டாள். பதில் சொல்லாதே, பதில் சொல்லாதே என்று உதடுகள் அசைந்தன.

வில்மர்தான் மெல்லப் படித்தான். "ஓகே."

எத்தனையோ நாள் அந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறாள். இன்று அது நெஞ்சில் இடித்தது. சர்வர் நலம். அப்படியென்றால் போனது நிலையம்தான்.

"அந்த நிலையம் கடைசியா என்ன சொல்லியிருக்குன்னு பாரு" என்றார் ஹெரிபெர்த்தோ.

நார்சிசாவின் கை எழவில்லை. வில்மர் எட்டி, நிலையம் கடைசியாக அனுப்பிய அளவுகளைச் சர்வரிலிருந்து எடுத்தான். "வெப்பநிலை நாலு டிகிரி, என்னைக்கும் இருக்கற குளிர்தான். பேட்டரியும் நல்லாவே இருந்திருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல... ஒரேயடியா போயிருக்கு."

"மலை குடிசையையே வாரிக்கிட்டுப் போயிடுச்சு" என்று அவர் தொப்பியைக் கழற்றினார். "இல்லாத குடிசையைத் தேடச் சொல்லி அந்தப் பிள்ளைங்கள நான் நெருப்புக்குள்ள அனுப்ப முடியாதும்மா."

அவள் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். "வேணாம். அவங்களத் திருப்பி அனுப்பிடாதீங்க. இன்னொரு வாட்டி கேக்கறேன், இந்தத் தடவை வேற மாதிரி சொல்லும். உங்க கால்ல விழறேன்!"

அவர் விரல்களை மெதுவாக விடுவித்துக்கொண்டு எண்களை அழுத்தினார். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். "கேப்டன், உங்க ஆளுங்கள..." என்று தொடங்கியவர் திரும்பிப் பார்த்தார். நார்சிசா மேஜையில் தலையை மோதி அழுதுகொண்டிருந்தாள்.

மூலையில் இருந்த ரேடியோ கரகரத்தது.

"அக்கா, ஸ்டேஷன் பேட்டரியப் புடுங்கி ரேடியோவுல மாட்டியிருக்கேன், இப்பவாவது கேக்குதா?"