ரொட்டி அடுப்புக்கு வழி

"முப்பது வருஷம் இதே ஊர்ல போஸ்ட்மேனா இருந்தேன்னு சொல்றீங்களே மாமா, எங்களை உங்க பழைய தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க பாக்கலாம். யார்கிட்டயும் கேக்கக் கூடாது. போன்ல மேப் பாக்கக் கூடாது."

ஃபெஸ் நகரத்துப் பழைய கோட்டை வாசலில் நின்றுகொண்டு நுஸ்ஹா இப்படிச் சவால் விட்டபோது, அவள் கணவன் ஜவாதுக்குச் சுருக்கென்றது.

அப்பாவே நொந்துபோயிருக்கிறார். முந்தாநாள் மெர்ஸூகா பாலைவனத்தில், கூடாரத்திலிருந்து சும்மா காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. பட்டப்பகலில், ஒன்றரை மணி நேரம். முகாம்காரர்கள் ஒட்டகத்தோடு போய்த் தேடி, இரண்டு மணல்மேடு தள்ளி உட்கார்ந்திருந்தவரைக் கூட்டி வந்தார்கள்.

அதிலிருந்து அப்பா ஹாஜ் தாமி வாயே திறக்கவில்லை. மணலுக்குள் புதைத்துச் சுட்ட ரொட்டியைத் தொடவில்லை. ஃபெஸ்ஸுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் கண்ணை மூடியே வந்தார். காலையில் ஒன்றுதான் சொன்னார்: "நான் லாட்ஜ்லயே இருக்கேன். இனிமே என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க. தொலைஞ்சு போற வயசு வந்துடுச்சு."

அவரை விடாப்பிடியாக இழுத்துவந்து இப்படி நிறுத்தியிருக்கிறாள்.

"விடு நுஸ்ஹா. அப்பா இந்த ஊரை விட்டுப் பதினெட்டு வருஷமாச்சு."

"அதனால? தெரு எழுந்து நடந்தா போயிடும்? மாமா, உங்க தெரு முனையில ஒரு ரொட்டி அடுப்பு இருக்குன்னு எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றீங்க. அங்க போய்ச் சூடா ஒரு ரொட்டி வாங்கிக் குடுங்க. இல்லேன்னா நான் பொறந்த ஊர் அகாதிர்தான் ஒசத்தின்னு ஒத்துக்குங்க."

பெரியவர் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அங்கியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார்.

முதல் இரண்டு சந்துகளில் தடுமாற்றம் இல்லை. மூன்றாவது முக்கில் நின்றுவிட்டார்.

"இங்க ஒரு பச்சைக் கதவு இருக்கணும். பென்ஷக்ரூன் வீடு. தினம் கடுதாசி வரும்."

பச்சைக் கதவு இல்லை. ஏதோ ஹோட்டலின் போர்டு தொங்கியது. தெருப் பெயரெல்லாம் அவர் என்றைக்கும் மனசில் வைத்துக்கொண்டதில்லை. கதவுகளையும், அவற்றைத் திறந்த மனிதர்களையும்தான் தெரியும். இரண்டுமே மாறிப்போயிருந்தன.

"என்ன மாமா, பேட்டரி தீந்துபோச்சா?"

ஜவாத் பல்லைக் கடித்தான்.

"பாலாக், பாலாக்" என்று வழி விடச் சொல்லிக் கத்தியபடி பின்னாலிருந்து ஒரு கழுதைக்காரன் வந்தான். விறகுச் சுமை இரண்டு பக்கச் சுவரையும் உரசியது. மூவரும் ஒரு வாசற்படியில் ஏறி ஒதுங்கினார்கள். கழுதை இடதுபக்கச் சந்தில் திரும்பியது.

பெரியவர் தாடியைத் தடவினார். "இடதுதான்" என்றார்.

அடுத்த முக்கில் அதே கழுதை வழியை அடைத்துக்கொண்டு நின்றது. கழுதைக்காரன் சாவகாசமாகக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, உனக்கு இந்த ஊர்ல வேற தெருவே கிடையாதா?" நுஸ்ஹா சத்தம் போட்டாள். "மாமா, நீங்க கழுதையைப் பாத்துட்டு நிக்காதீங்க. வழியைச் சொல்லுங்க."

கழுதைக்காரன் ஒன்றும் பேசாமல் வலதுபக்கம் ஓட்டிப் போனான்.

"சொல்றேன்மா. வலது."

இப்படியே நாலு முக்கு. கழுதை நிற்பதும், இவள் திட்டுவதும், பெரியவர் வழி சொல்வதுமாக. போகப் போக அவர் நடை வேகமானது. கடைசிச் சந்தில் ரொட்டி வாசம் வந்ததும், இவர்களை விட்டுவிட்டு முன்னால் ஓடாத குறையாகப் போனார்.

தெருவிலுள்ள வீடுகளிலிருந்து சுடக் கொடுத்தனுப்பிய மாவு உருண்டைகள் பலகை பலகையாக அடுக்கியிருந்த குகை போன்ற அறையிலிருந்து அடுப்புக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாரு, போஸ்ட்மேன் தாமியா? என் கடுதாசி எங்கய்யா? பதினெட்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

"உனக்கு எவன்யா எழுதுவான்?"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். சூடான ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் வந்தன. ஹாஜ் தாமி முதல் ரொட்டியை முழுசாகத் தின்றார்.

"அகாதிர்ல இப்படி ஒண்ணு காட்டு பாக்கலாம், மருமகளே."

"தோத்துட்டேன் மாமா. நீங்க சாப்பிடுங்க, நான் டீ வாங்கிட்டு வர்றேன்." நுஸ்ஹா எழுந்து போனாள்.

ஜவாத் அப்பா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "அவ பேசினதை மனசுல வெச்சுக்காதீங்கப்பா. நாக்குல நரம்பே இல்லை. ரூமுக்குப் போய் நல்லாக் கேக்கறேன்."

பெரியவர் இரண்டாவது ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்தார்.

"மடையா. இந்த ஊர்ல கழுதைக்காக ஆளுங்க ஒதுங்குவாங்க. ஆளுக்காகக் கழுதை நிக்காது. இன்னிக்கு நாலு முக்குல எனக்காக நின்னுச்சு. அவ்வளவு திட்டியும் அந்தக் கழுதைக்காரன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை. அங்க பாரு."

ஜவாத் திரும்பினான். அடுப்பின் பக்கவாட்டில் அதே கழுதையிலிருந்து விறகு இறங்கிக்கொண்டிருந்தது. கழுதைக்காரனிடம் ஒரு கிளாஸ் டீயைக் கொடுத்துவிட்டு, ஏதோ சொல்லிச் சிரித்தபடி தன் கிளாஸை எடுத்தாள் நுஸ்ஹா.

"நான் கண்டுபிடிச்சுட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதே" என்றார் பெரியவர், ஒரு ரொட்டியை அவளுக்காகத் துணியில் மூடி வைத்தபடி. "ரெண்டு நாளா அவளும் சரியாச் சாப்பிடலை."