நாற்பத்தேழாம் எண் தாள்

நாற்பத்தேழாம் எண் தாளைப் படித்துவிட்டு டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் வினை வந்தது.

கல்லூரி நடத்தும் ஆங்கிலச் சான்றிதழ்த் தேர்வு. வளாகத்தில் இருக்கிற யார் வேண்டுமானாலும் எழுதலாம். தாளில் பெயர் இருக்காது, துறை இருக்காது, எண் மட்டும்தான்; எந்த எண் யாருடையது என்பது மதிப்பெண் போட்ட பிறகுதான் வெளிவரும். இந்த முறை கொடுத்த தலைப்பு ‘என் வீடு’.

பெயர் இல்லாவிட்டால் என்ன? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரு வார்த்தையை வைத்தே எழுதியவர் எந்தத் துறை என்று டீச்சர் சொல்லிவிடுவார்.

தாத்தாவின் தூக்கம் ‘ஸ்டேபிள்’ என்று எழுதினால் நர்சிங். அம்மாவின் கோபம் ‘மேக்ஸிமம் லோடை’த் தாண்டினால் இன்ஜினியரிங். தம்பியின் மீசை ‘நாற்று’ விட்டால் வேளாண்மை. வீட்டுப் பூனை இரண்டாவது வரியிலேயே ‘மேற்படி பூனை’ ஆகிவிட்டால் சந்தேகமே வேண்டாம், சட்டம்.

நாற்பத்தேழில்தான் டீச்சரின் பாச்சா பலிக்கவில்லை.

அந்த வீட்டில் சுவரின் ஈரம் ‘க்ரானிக்’காக இருந்தது. கட்டில் மூன்று பிள்ளைகளின் ‘லோடை’த் தாங்கியது. மேற்படி ஜன்னலில் ஒரு நாற்று வளர்ந்தது. எல்லா வார்த்தையும் இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக இருந்தது.

கடைசி வரி இது: ‘முடிவாக, என் கணவரின் குறட்டை குறித்து மேலும் விரிவான ஆய்வு தேவைப்படுகிறது.’

ஒரே ஒரு குறைதான். ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரம் கட்டைவிரல் நீளத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. காகிதம் என்ன மரத்திலா காய்க்கிறது என்று டீச்சர் முணுமுணுத்தார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த துறைத்தலைவர் தாளை வாங்கிப் படித்தார். அவர் சிரிக்கவில்லை.

“நாலு துறை வார்த்தை ஒரே ஆளுக்கு எப்படிம்மா வரும்? நாலு பேரைப் பார்த்து எழுதினதுதான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியலைன்னா முட்டை போட்டுடுங்க.”

முட்டை வாங்கினால் அதோடு போகாது. அந்த எண்ணுக்குரியவர் மூன்று வருடத்துக்கு இந்தத் தேர்வு வாசலை மிதிக்க முடியாது.

டீச்சருக்கு மனசே ஆறவில்லை. திருடி எழுதுகிறவனுக்கு இந்தக் குறும்பு வருமா?

மணி நாலரை ஆனது. நாற்பத்தேழுக்கு நேரே மட்டும் இடம் விட்டு மதிப்பெண் பட்டியலை எழுதி முடித்தார். நகல் எடுக்க மாடிப்படிக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

கடையில் எப்போதும் போல பைண்டிங் அக்கா. பதினெட்டு வருடமாக இந்தக் கல்லூரியின் அத்தனை துறை ஆய்வேட்டையும் டைப் அடித்து, தைத்து, அட்டை போட்டுத் தருகிறவர். அக்கா பட்டியலை வாங்கினார், உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன டீச்சர், இப்படி ஓரத்துலேர்ந்தே எழுதிட்டீங்க? இடது பக்கம் ஒன்றரை இன்ச் விட வேணாமா? தைக்கும்போது எழுத்தெல்லாம் உள்ள போயிடுமே!”

டீச்சர் அக்காவைப் பார்த்தார். அக்காவுக்குப் பின்னால் கூரை வரை அடுக்கியிருந்த ஆய்வேடுகளைப் பார்த்தார். நர்சிங், இன்ஜினியரிங், சட்டம், வேளாண்மை.

அட, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டதே!

“அக்கா, வீட்டுக்காரர் இன்னும் குறட்டை விடறாரா?”

அக்காவின் கை மெஷின் மூடியிலேயே நின்றுவிட்டது. காது வரை சிவந்துபோனார். யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஆராய்ச்சி நடந்துட்டுதான் இருக்கு, டீச்சர்.”

டீச்சருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நகல் எடுக்கும் முன்பே பட்டியலைத் திரும்ப வாங்கி, கடைப் பலகையில் வைத்து, நாற்பத்தேழுக்கு நேரே இருபதுக்குப் பத்தொன்பது என்று எழுதினார்.

ஓரத்தில் ஒன்றரை இன்ச் தள்ளி.