முன்னே பின்னே

“பதினொண்ணு பத்து காட்டற மாதிரி ஒரு கடிகாரம் வரைங்க, பார்ப்போம்” என்றார் பெரிய டாக்டர்.

பட்டறைக்காரர் வரைந்தார். பார்க்கின்சன் நோயில் கை ஆடியது. எண்கள் எறும்பாகச் சிறுத்தன. ஆனாலும் பன்னிரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

“கை நடுக்கத்தை விடுங்க. கண்ணு பார்க்கறதை மூளை சரியா இடம் பிரிக்குதான்னுதான் சோதனை. உலகத்துல இதைக் கரைச்சுக் குடிச்சவங்க மொத்தம் மூணு பேர். மத்த ரெண்டு பேரும் என்கிட்ட படிச்சவங்க.” கண்ணில் விழுந்த முடியை டாக்டர் ஒதுக்கிக்கொண்டார்.

சுவரோரம் நின்ற நான்கு பயிற்சி டாக்டர்களும் பயபக்தியோடு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“வேலை செய்யலாம்னு நீங்க எழுதிக் கொடுத்தாதான் பையன் பத்து நாளா பிடுங்கி வச்சிருக்கற பட்டறைச் சாவியைத் திருப்பிக் கொடுப்பான் ஐயா. சும்மா வீட்ல கிடந்தா பைத்தியம் பிடிச்சிடும்.”

“இவருக்கில்ல, எனக்கு” என்றாள் மனைவி.

பெட்டிப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னார். சரி. சாய்ந்த கோடுகளுக்கு ஜோடி சேர்க்கச் சொன்னார். அதுவும் சரி. சரியாக வர வர, டாக்டரின் முகம் சுண்டியது.

“கடைசிக் கேள்வி. இந்த ரூம்ல ஏதாவது திரும்பி இருக்கா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

பட்டறைக்காரர் மேசை, நாற்காலி, ஜன்னல் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பார்வையை டாக்டரிடம் நிறுத்தினார்.

“ஒண்ணே ஒண்ணு முன்பக்கம் பின்பக்கமா திரும்பியிருக்கு.”

“எது?”

“தப்பா நினைக்கக் கூடாது. உங்க தலை.”

“ஏங்க, சும்மா இருங்க!” மனைவி வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“அழாதீங்கம்மா, மனசைத் தேத்திக்கணும்” என்ற டாக்டர், வெற்றியோடு சுவர்ப் பக்கம் திரும்பினார். “பார்த்தீங்களா? எதிர்ல உட்கார்ந்திருக்கற ஆளுக்கு முகம் எது, முதுகு எதுன்னே தெரியலை! எழுதிக்குங்க: பாதிப்பு ரொம்ப முத்திப்போச்சு. பட்டறைப் பக்கமே போகக் கூடாது.”

யாரும் எழுதவில்லை. ஒருவன் கூரையில் எதையோ தேடினான். ஒருத்திக்கு இருமல் வந்து, நிற்கவே இல்லை.

பட்டறைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்கா தெரியலை? அந்தத் தலையை அளவெடுத்த மாதிரி தெரியும்!”

“என்னய்யா உளர்றீங்க? என்னை முன்னே பின்னே பார்த்திருக்கீங்களா?”

“உங்களைப் பார்த்ததில்லை. போன மாசம் உங்க டிரைவர் ‘எங்க ஐயாவுக்கு, வெளிய தெரியக் கூடாது’ன்னு அளவுச் சீட்டு கொண்டு வந்தாரு, ராப்பகலா முடி கோத்தவன் நான்தான். எங்க பட்டறை பேர் போட்ட துணி பிடரியில வரணும். உங்க நெத்தியில தொங்குதுன்னா, டோப்பாவைத் திருப்பி மாட்டியிருக்கீங்கன்னு அர்த்தம்!”

‘இவர் தாராளமாக வேலைக்குப் போகலாம்’ என்று எழுதும்போது, டாக்டரின் கைதான் நடுங்கியது.