கூரையில் ஒரு முகம்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோது செங்குட்டுவனுக்குத் தன் முகமே தெரிந்தது. அப்பா பெருமை தாங்காமல் பஸ் ஸ்டாண்டில் வைத்த பிளெக்ஸ் பேனர், இங்கே மழைக்குக் கூரையாகியிருந்தது. தண்ணீர் தேங்கி ஒரு கன்னம் மட்டும் உப்பித் தொங்கியது. ‘இயற்பியலையே அசைத்துப் பார்த்த எங்கள் மண்ணின் மைந்தன்’ என்ற எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை.

குவார்க் என்ற அடிப்படைத் துகளில் கனமான ஒரு வகை மிக அபூர்வமாகச் சிதைவதை அவனுடைய ஆய்வுக் குழு எண்ணிப் பார்த்தபோது, கோட்பாடு சொன்ன கணக்கோடு அது ஒத்துப்போகவில்லை. புதிய விசை ஏதோ இருக்கிறது என்று எல்லோரும் பரபரத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, வேறு துகள்களையும் எலக்ட்ரான் என்று அவன் எண்ணித் தொலைத்திருக்கிறான். திருத்தியதும் கோட்பாடு பழையபடி அசையாமல் நின்றது. அதை அப்பாவிடம் சொல்லத்தான் ஊருக்கு வந்தான். வந்து இத்தனை நாளாகியும் வாய் வரவில்லை.

“இதக் கழட்டிருங்க பாய். அது தப்பாப் போச்சு.”

கடைக்காரர் காதர் பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். “தெரியும் தம்பி. பேப்பர்ல பாத்த அன்னைக்கே அப்பாதான் அவுத்துக் கொண்டாந்தாங்க. தெருவுல போறவங்க கண்ணுல படாம, படம் உள்பக்கமா வர்ற மாதிரி கட்டச் சொன்னாங்க.”

அவன் டீயைக் கீழே வைத்தான்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, அவங்க வர்ற நேரம். தினம் அந்த எடத்துலதான் உக்காருவாங்க. அங்க இருந்து பாத்தாத்தான் படம் நேராத் தெரியுதாம்.”