கத்திரிப்பூத் தண்ணீர்

நிறம் போகவில்லை.

அவள் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கல்லூரிக்குப் பின்னால் போகும் ஓடையில் காலையில் மொண்டு வந்த தண்ணீர். சாயப்பட்டறைகளுக்கு என்ன ஆர்டர் வந்திருக்கிறது என்பதை ஓடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். போன வாரம் கிளிப்பச்சை. இந்த வாரம் ஏதோ ஒரு தேசத்துக் குழந்தைகள் எல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் பனியன் போடப் போகிறார்கள்.

தண்ணீருக்குள் அவள் கையால் செய்த பொடி போட்டிருந்தாள். காகிதத்தில் அதன் பெயர் காந்த நானோதுகள். உடன் ப்ராஜெக்ட் செய்யும் ஜெபராஜ் அதைக் கண்மை என்பான்.

பொடி சாயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் காட்டினால் பொடி சாயத்தோடு அந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும். மிச்சம் வெறும் தண்ணீர்.

இரண்டு முறை செய்து காட்டி, இரண்டு முறையும் ஒதுங்கவில்லை.

இன்று கடைசி. இன்றும் போகாவிட்டால் பட்டம் அடுத்த வருடம். அதுவரை விடுதிச் சாம்பார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததை எல்லோரும் பார்க்கும்படி பார்த்தார்.

வழிகாட்டியான தில்லைநாயகி மேடம், இத்தனை மாதமாகக் காட்டிவந்த அதே வழியைக் காட்டினார்.

"ஸ்பீடக் கூட்டும்மா."

கூட்டினாள். கலக்கும் மெஷின் அதன் கடைசி எண்ணுக்குப் போயிற்று.

துறையின் பெருமை அந்த மெஷின். ரிப்பன் வெட்டித் திறந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் அதன் நெற்றியில் இருந்தது. தட்டுக்கு அடியில் ஒரு காந்தம் சுற்றும். குவளைக்குள் போட்ட வெள்ளை மாத்திரைக்குள் இன்னொரு காந்தம். அது சுற்றினால் இது சுற்றும். கரண்டியே வேண்டாம்.

கரண்ட் போனது.

மின்விசிறி மனசில்லாமல் நின்றது. மாத்திரையும் நின்றது. தண்ணீர் மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது.

ஜெபராஜ் ஜன்னலோரம் நின்று குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தான். ஓடையில் தண்ணீர் மொள்வது அவன் பங்கு. அதை முடித்துவிட்ட திருப்தி முகத்தில். வந்து குவளைக்குள் எட்டிப் பார்த்தான்.

"தாயே, உன் மாத்திரை ஸ்வெட்டர் போட்டிருக்கு."

அவள் இடுக்கியால் மாத்திரையை வெளியே எடுத்தாள்.

கறுகறுவென்று அப்பியிருந்தது. அவள் பொடி முழுக்க அதன் மேல். தண்ணீரில் ஒரு சிட்டிகைகூட இல்லை.

ஒவ்வொரு சாயங்காலமும் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள்.

பொடிக்குக் காந்தம் என்றால் உயிர். அதுதான் அதன் சிறப்பு என்று முதல் பக்கத்திலேயே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்கள்.

பிறகு காந்தத்தை வைத்துக் கலக்கியிருந்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். தோள் குலுங்கியது. மேடம் அதை அழுகை என்று நினைத்து எழுந்துவிட்டார்.

குப்பியின் அடியில் கொஞ்சம் பொடி மிச்சமிருந்தது. குவளையை மெஷினிலிருந்து மேசைக்கு இறக்கி, அதை உள்ளே தட்டினாள். திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

ஜெபராஜின் கையில் பாதி ஐஸ் இருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மொத்தத்தையும் ஒரே வாயாகக் கடித்து விழுங்கினான். கண்ணில் நீர் முட்டியது. குச்சியைக் குழாயில் கழுவி அவள் கையில் வைத்தான். அந்த ப்ராஜெக்டுக்காக அவன் செய்த ஒரே தியாகம்.

அவள் கலக்கினாள்.

தண்ணீர் கறுத்தது. கத்திரிப்பூ போய் மையாயிற்று. தேர்வாளர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. மந்திரமா சமன்பாடா தெரியவில்லை.

வியர்த்தது. கை வலித்தது. விடாமல் கலக்கினாள்.

குச்சியை எடுத்தாள். ஜெபராஜின் ஓட்டை ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் குவளையின் ஓரத்தில் வைத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கறுப்பு நகர்ந்தது.

முதலில் ஓரமாக. அப்புறம், பஸ் வந்துவிட்ட கூட்டம் மாதிரி, மொத்தமாக ஒரே பக்கம்.

குவளைக்குப் பின்னால் தேர்வாளரின் சட்டை தெரிந்தது. சட்டையில் கோடு தெரிந்தது. இரண்டாவது பொத்தானைப் போடாமல் விட்டிருந்ததும் தெரிந்தது.

அவள் எங்கே பார்க்கிறாள் என்று அவர் குனிந்து பார்த்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டார். குனிந்தவர் நிமிரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவரும் குவளைக்குள் பார்த்தார். கண்ணாடியில் அவர் முகம் மீன் முகம் மாதிரி பெரிதாயிற்று.

மீன் சிரித்தது.

காந்தத்தைத் தான் ஒருமுறை பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். குவளையைச் சுற்றி மெதுவாக ஓட்டினார். கறுப்பு அவர் பின்னாலேயே போனது. இந்தப் பக்கம் ஓட்டினார். இந்தப் பக்கம் வந்தது. கேட்பதற்கென்று எழுதி வைத்திருந்த கேள்விகள் மேசையில் கிடந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கரண்ட் வந்தது.

கடைசி எண்ணில் விட்டிருந்த மெஷின் மேலே ஒன்றுமே இல்லாமல் உறுமியது.

எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடம் அதன் பக்கத்தில் போனார். பிளக்கைப் பிடுங்கினார். வயரை அதன் கழுத்திலேயே சுற்றினார். இரண்டு கையாலும் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்தார். சந்தனம் சுவர்ப் பக்கம்.

கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஜெபராஜ், அந்த ஐஸ் வண்டி இன்னும் நிக்குதா பாரு. எல்லாருக்கும் வாங்கிட்டு வா."

அவன் வாசலுக்குப் போய்விட்டான். மேடம் மற்ற இருவரையும் பார்த்தார்.

"தின்னுட்டு யாரும் குச்சியத் தூக்கிப் போட்டுறாதீங்க."