வீடு கேட்டு ஒரு மன்றாட்டு

ஞாயிறு திருப்பலியில் துணிக்கடைக்காரர் மன்றாட்டு வாசித்தார்.

"வீடு தேடி அலையும் நம் தையல்காரச் சகோதரிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் விரைவில் ஒரு வீடு கிடைக்க, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

கடையில் விலை சொல்லும்போதுகூட அவர் குரல் அப்படிக் குழைந்ததில்லை. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லி, சபையே மூக்கை உறிஞ்சியது.

கோவில் வாசலில் அந்தத் தையல்காரி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எனக்காக அப்படி உருகிட்டீங்களே!"

"என்ன தங்கச்சி, நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே? கண்டிப்பா வீடு கெடைக்கும்."

"கெடைக்கிற வரைக்கும் ஒரு மாசம் பொறுத்துக்கக் கூடாதாண்ணே?"

துணிக்கடைக்காரர் முகம் சுருங்கியது.

"உனக்கு விசுவாசமே பத்தலையே! ஆண்டவர்கிட்டயே ஒப்படைச்சாச்சு, இனி அது அவர் பொறுப்பு. நீ நாளைக்குக் காலையில என் வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் குடுத்துடு."